கோடும் கருவியும்

கோடம்பாக்கம் என்னும் பெயரைக் கேட்டவுடன் திரைப்படமே பலர் நினைவிற்கும் வரும். அங்கிருந்த படப்பிடிப்பு நிலையங்களே அவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பின. ஆனால், ஆடும் படத்திற்குப் புகழ்பெற்ற அவ்விடத்தின் அருகிலேயே, அசையாத படத்திற்கும் ஒரு சிறந்த நிலைக்களம் இருந்தது. நாகிரெட்டியாரும் சக்கரபாணியாரும் 1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சிறுவர்க்கென ஓர் இதழைத் தொடங்கினர். அது தெலுங்கில் 'சந்தமாமா' என்றும், தமிழில் 'அம்புலிமாமா' என்றும் பெயர் பெற்றது. பின்னர் வேறு பல இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. கோடம்பாக்கத்தை அடுத்த வடபழநியில் அதன் பணிமனை நெடுங்காலம் இயங்கியது. இன்று அவ்விதழ் வெளிவரவில்லை. எனினும் அதன் படங்களைக் கண்டு வளர்ந்தவர்கள் அவற்றை மறக்கவில்லை.

அப்படங்களுள் ஒன்று மிகவும் புகழ்வாய்ந்தது. விக்கிரம மன்னன் கையில் வாளேந்தி, வேதாளம் குடிகொண்ட பிணத்தைத் தோளிற் சுமந்து, சுடுகாட்டின் வழியே நடந்து வருகின்றான். இக்காட்சியை வரைந்தவர் சங்கர் என்று கையெழுத்திடும் கே. சி. சிவசங்கரன் ஆவார். தாராபுரத்தை அடுத்த காரத்தொழுவில் 1924ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னை அரசினர் ஓவியப் பள்ளியில் பயின்றார்; 'கலைமகள்' இதழில் பணிபுரிந்தபின் 1952ஆம் ஆண்டு அம்புலிமாமாவில் சேர்ந்தார். அதுமுதல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவ்விதழுக்கே வரைந்தார். 2020ஆம் ஆண்டு, தம் தொண்ணூற்றாறாம் அகவையில் மறைந்த அவருக்கு, மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இத்தகைய படங்களைக் காணும் மாணவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் கூடும். ஓவியர் முதலில் பென்சிலால் வரைகின்றார். உருவமும், நிலையும், முகக்குறிப்பும் அதிலேயே அமைந்துவிடுகின்றன. பின்னர் எதற்காக அதே கோட்டின்மேல் மீண்டும் மையால் வரைதல் வேண்டும்? இவ்வையத்திற்கு விடை அச்சுத் தொழிலில் இருக்கின்றது.

முற்காலத்து அச்சகங்களில் கோட்டுப் படங்களை அச்சிடத் துத்தநாகத் தகட்டால் ஆகிய 'பிளாக்' செய்தனர். படத்தை முதலில் ஒளிப்படக் கருவியால் எடுப்பர். அவ்வாறு எடுத்த எதிர்ப்படத்தில் கருங்கோடுகள் ஒளிபுகும் வழிகளாகவும், வெண்ணிறப் பகுதிகள் ஒளியைத் தடுக்கும் இருளாகவும் அமையும். அதனை, ஒளிபட்டால் இறுகும் மருந்து பூசிய துத்தநாகத் தகட்டின்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சுவர். கோடுகள் உள்ள இடத்தில் மட்டும் மருந்து இறுகும். ஏனைய இடங்களில் கழுவுண்டு போகும். பின்னர்த் தகட்டை அமிலத்தில் இடுவர். பாதுகாப்பற்ற இடங்களை அமிலம் அரித்துவிடக் கோடுகள் மட்டும் மேடாக எஞ்சி நிற்கும். அம்மேட்டில் மையைத் தடவிக் காகிதத்தில் அழுத்தினால் படம் பதியும்.

இம்முறைக்குத் தெரிந்த நிறங்கள் இரண்டே. ஒன்று கருமை, மற்றொன்று வெண்மை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தை அஃது அறியாது. பென்சிற்கோடோ சாம்பல் நிறத்தது. கூர்ந்து நோக்கினால் காகிதத்தின் மேடுகளில் ஒட்டிய கரித்துகள்களின் வரிசையே அஃது என்பது விளங்கும். அதனை அவ்வாறே அச்சிற்கு அனுப்பினால், மெல்லிய பகுதி மறைந்துபோகும். அழுத்தமான பகுதி புள்ளி புள்ளியாய்ச் சிதையும். மன்னனின் கண் இருந்த இடத்தில் வெறுமையும், மீசை இருந்த இடத்தில் கறையும் தோன்றலாம். ஆதலால், பென்சிலின் சாம்பற் கோட்டைக் கருங்கோடாக மாற்றும் பணி இன்றியமையாதது ஆயிற்று. அதுவே மையிடுதல்.

இங்கே மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. ஓவியர்கள் பெரும்பாலும் அச்சில் வரவேண்டிய அளவைவிடப் பெரிதாகவே வரைவர். அச்சகத்தார் அதனைச் சுருக்கிக்கொள்வர். முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்த படம் பதினைந்து சென்டிமீட்டராகச் சுருங்குமாயின், அரை மில்லிமீட்டர் தடித்த கோடு கால் மில்லிமீட்டராகும். கோடு மட்டுமன்று, கோடுகளுக்கு இடையேயுள்ள வெளியும் பாதியாகும். மிக மெல்லிய கோடு அற்றுப்போகும். மிக நெருங்கிய கோடுகளின் இடைவெளியில் அச்சுமை நிறைந்து கரும்பட்டையாகும். ஆதலால் மையிடுவோன் தன் கண்முன் உள்ள கோட்டை மட்டும் காண்டல் போதாது. அச்சில் வரப்போகும் கோட்டையும் மனக்கண்ணாற் காண வேண்டும்.

பென்சில் பிழையைப் பொறுக்கும், மை பொறுக்காது. பென்சிற்கோடு தவறினால் ரப்பரால் அழித்து மீண்டும் வரையலாம். மைக்கோடு தவறினாலோ, பல நாள் உழைத்த உருவம் ஒரு நொடியிற் குலையும். திங்கள்தோறும் குறித்த நாளில் வெளிவர வேண்டிய இதழுக்கு வரைவோர்க்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கக் காலமும் இராது. எனவே, எந்தக் கோட்டிற்கு எந்தக் கருவி என்பதை மையைத் தொடுமுன்னரே தேர்ந்து தெளிதல் வேண்டும்.

கருவி தன் இயல்பைக் கோட்டின்மேல் ஏற்றிவிடும் என்பதற்குத் தமிழ் எழுத்தே தக்க சான்று. பழங்காலத்தில் கல்லில் வெட்டிய எழுத்துகளில் நேர்கோடுகள் மிகுந்திருந்தன. பனையோலையில் எழுத்தாணியால் எழுதும் வழக்கம் பரவியபோது, நரம்பின் வழியே செல்லும் நேர்கோடு ஓலையைக் கிழித்துவிடும் என்பதனால் எழுத்துகள் வளைவு பெற்றன என்பர் அறிஞர். ஓலை துளைபடும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியையும் இடாது விட்டனர். அதனால் ஏடுகளைப் படிப்பவர் பிற்காலத்தில் பெரிதும் இடர்ப்பட்டனர். எழுத்தாணியின் கூர்மையும் ஓலையின் மென்மையும் ஒரு மொழியின் எழுத்து வடிவையே மாற்ற வல்லன என்றால், ஓர் ஓவியனின் கோட்டை மாற்றுதல் அவற்றிற்கு அரிதாமோ?

மையிடும் கருவிகள் இருவகைப்படும். ஒன்று பேனா, மற்றொன்று தூரிகை. முதலிற் பேனாவைக் காண்போம்.

கட்டையில் எஃகு முள்ளைச் செருகி, மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு வரையும் பேனாவே ஓவியர்க்குப் பழமையான துணை. இங்கிலாந்து நாட்டின் பர்மிங்காம் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முட்களைச் செய்வதிற் சிறந்து விளங்கியது. முள்ளின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அழுத்தினால் அப்பிளவு விரிந்து கோடு தடிக்கும்; அழுத்தத்தைக் குறைத்தால் பிளவு கூடிக் கோடு மெலியும். விரைவில் விரிந்து கூடும் முள்ளை நெகிழ்முள் என்றும், அழுத்தத்திற்கு எளிதில் இணங்காததை விறைப்புமுள் என்றும் கூறலாம். பர்மிங்காமில் தோன்றிய ஜில்லட் முட்களுள் 303 என்னும் எண்ணுடையது நுண்மையும் நெகிழ்வும் உடையது; 404 அதனினும் விறைப்பானது. பயிலத் தொடங்கும் மாணவர்க்கு விறைப்பான முள்ளே நல்லது. நெகிழ்முள் கைந்நடுக்கத்தையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். கை நன்கு பழகியபின் அதுவே முகக்குறிப்பிற்கும் கூந்தலிழைக்கும் ஏற்ற துணையாகும்.

புதிய முள்ளில் துருப்பிடியாதிருக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதனைத் துடைக்காமல் மையில் தோய்த்தால், தாமரையிலை நீர்போல மை திரண்டு உருண்டு, ஒருமிக்க வழிந்து படத்திற் கொட்டும். ஆதலால் முதலில் வெந்நீராலும் துணியாலும் முள்ளைத் துடைத்தல் வேண்டும். முள்ளை எப்போதும் தன்பால் இழுத்து வரைதலே முறை. எதிர்த்திசையில் தள்ளினால் நுனி காகிதத்திற் குத்தி மையைத் தெளிக்கும். வளைவு வேண்டுமாயின் கையைத் திருப்பாது காகிதத்தைத் திருப்பிக்கொள்ளுதல் அறிவுடைமை.

தொட்டெழுதும் பேனாவன்றி, ஒரே தடிப்பில் கோடிடும் பேனாக்களும் உண்டு. 1953ஆம் ஆண்டு ஜெர்மனியின் ராட்ரிங் நிறுவனம் வெளியிட்ட 'ராபிடோகிராப்' அவ்வகையில் புகழ்பெற்றது. அதன் நுனி குழலாக இருத்தலால் எவ்வளவு அழுத்தினாலும் கோட்டின் தடிப்பு மாறாது. கட்டட வரைபடம் தீட்டுவோர் அதனைப் பெரிதும் போற்றினர். இக்காலத்தில் நார்முனை கொண்ட பேனாக்கள் 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டர் என வெவ்வேறு தடிப்புகளில் கிடைக்கின்றன. மண்டபத் தூண், சாளரம், தேர்ச்சக்கரம் முதலியவற்றிற்கு இவை ஏற்றவை. ஆனால் மனித உடலை முழுவதும் இவற்றாலேயே வரைந்தால், கம்பியை வளைத்துச் செய்த உருவம்போல உயிரற்றுத் தோன்றும்.

இனித் தூரிகையைக் காண்போம். தூரிகை தமிழர்க்குப் புதிய பொருளன்று. சங்க நூலாகிய நற்றிணையில், பஞ்சுபோன்ற நுனியையுடைய பாதிரிப்பூவுக்கு, ஓவியர் செவ்வரக்கில் தோய்த்த துகிலிகை உவமையாக வருகின்றது. துகிலிகை என்பது தூரிகையே. வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் படத்தைப் 'புனையா ஓவியம்' என்று நம் முன்னோர் வழங்கினர். மையிட்ட கோட்டுப் படமும் அவ்வினத்தைச் சார்ந்ததே.

மையிடுதற்கு உருண்டையாய்த் திரண்டு நுனி கூர்ந்த தூரிகையே வேண்டும். தட்டைத் தூரிகை பயன்படாது. நுண்கோட்டிற்கென்று மிகச் சிறிய தூரிகையை வாங்குதல் பலரும் செய்யும் பிழை. சிறிய தூரிகையின் வயிற்றில் மை சிறிதே நிற்கும். நீண்ட கோட்டின் நடுவிலேயே மை தீர்ந்து, மீண்டும் தோய்த்துத் தொடருமிடத்தில் முடிச்சு விழும். இரண்டாம் எண் அல்லது மூன்றாம் எண் தூரிகை நிறைய மையைத் தாங்கும். அதன் நுனி கூர்மையாயின் மயிரிழை போன்ற கோட்டையும் இடும். கோட்டின் நுண்மையைத் தருவது தூரிகையின் சிறுமையன்று, நுனியின் கூர்மையே ஆகும்.

தூரிகையை வாங்குங்கால் அதனை நீரில் தோய்த்து ஒருமுறை உதறிப் பார்த்தல் வேண்டும். முடிகள் தாமே ஒன்றுகூடி ஒரு முனையாக நிற்குமாயின் அது நற்றூரிகை. இரண்டாகப் பிரிந்தாலும், ஒரு முடி மட்டும் விலகி நீண்டாலும் அது மையிடுதற்கு ஆகாது. பின்னர் நுனியை நகத்தின்மேல் மெல்ல வளைத்து எடுத்தால், அது வில்போல மீண்டும் நிமிர வேண்டும்; வளைந்தபடியே கிடப்பது வன்மை குன்றியது.

சைபீரியாவில் வாழும் ஒருவகை மரநாயின முடியால் ஆகிய தூரிகைகளை மேலைநாட்டார் மிகவும் உயர்ந்தனவாகக் கருதுவர். அவற்றின் விலையும் உயர்ந்ததே. நம் நாட்டிலோ கீரியின் முடியால் தூரிகை செய்யும் வழக்கம் இருந்தது. அதன்பொருட்டுக் கீரிகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிரினங்களுள் இன்று கீரியும் ஒன்று. அதனைக் கொல்வதும், அதன் முடியால் ஆகிய தூரிகையை விற்பதும் குற்றமாகும். செயற்கை இழையால் ஆகிய நல்ல தூரிகைகள் இக்காலத்தில் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. ஓர் உயிரைக் கொன்று பெற்ற முடியால் மற்றோர் உயிரின் உருவத்தை அழகுற வரைவதில் என்ன பெருமை இருக்கின்றது? கருவியைத் தேர்வோர் அதன் கூர்மையோடு அது வந்த வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பேனா எங்கே, தூரிகை எங்கே என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வேதாளக் கதைக்குரிய ஒரு காட்சியை மாணவன் ஒருவன் பென்சிலால் வரைந்திருப்பதாகக் கொள்வோம். மன்னனின் கண், மூக்கு, விரல், அணிகலன் ஆகியவை சிறியவை. பிசகினால் முகமே வேறாகிவிடும். அவற்றிற்கு நுண்முள் பொருந்தும். வாளின் விளிம்பு நேரானது. அதற்கு ஒரே தடிப்புள்ள பேனா ஏற்றது. காற்றில் அலையும் மேலாடையும், மன்னன் தோளிலிருந்து தொங்கும் உடலின் தளர்ச்சியும், முறுக்கேறிய மரக்கிளையும் மெலிந்து தொடங்கித் தடித்து மீண்டும் மெலியும் கோடுகளை வேண்டுவன. அவை தூரிகைக்கு உரியன. பின்னே சூழ்ந்த இருளைப் பேனாவால் நிரப்ப முயன்றால் காகிதம் கீறுண்டு திட்டுத்திட்டாகும். பெரிய தூரிகை அதனை எளிதில் நிரப்பும்.

தடிப்பையும் மெலிவையும் எண்ணிப் பாராமல் இடுதல் கூடாது. ஒளி படும் பக்கத்தில் கோடு மெலிதாகவும், நிழல் விழும் பக்கத்தில் தடித்தும் இருந்தால், சாயம் ஏதுமின்றியே உருவம் திரண்டு தோன்றும். அவ்வாறே, அருகில் நிற்பவற்றின் கோடு தடித்தும் தொலைவில் உள்ளவற்றின் கோடு மெலிந்தும் இருந்தால், தட்டையான காகிதத்திலும் ஆழம் தெரியும். 'ஆனந்த விகடன்' இதழில் சில்பி வரைந்த கோயிற் சிற்பங்களைக் காண்போர், கல்லின் திரட்சியைக் கோட்டினாலேயே காட்ட முடியும் என்பதை உணர்வர்.

கருவி நன்றாயினும் மை தீதாயின் பயனில்லை. எழுதும் பேனாவிற்குரிய நீலமை நீரிற் கரையும், நாளடைவில் வெளிறும். மேலும், முற்காலத்தில் பிளாக் செய்யப் பயன்பட்ட ஒளிப்படத் தகடுகள் நீலத்தை வெண்மைபோலவே ஏற்றன. ஆதலால் நீலக்கோடு அச்சில் வராமலே போகும். இக்குறையையே ஓவியர்கள் குணமாக்கிக்கொண்டனர்; அழிக்க வேண்டாத குறிப்புக் கோடுகளை வெளிர்நீலப் பென்சிலால் இட்டனர். மையிடுதற்கு உரியது 'இந்தியன் இங்க்' எனப்படும் கருமையே. புகைக்கரியால் ஆகிய அம்மையில் அரக்கு கலந்திருப்பதனால் காய்ந்தபின் நீர்பட்டாலும் கரையாது. ஆனால் அதனை எழுதும் பேனாவிற்குள் ஊற்றுதல் கூடாது. உள்ளே இறுகி வழியை அடைத்துவிடும்.

காகிதம் வழவழப்பாகவும் மை ஊறாததாகவும் இருத்தல் வேண்டும். சொரசொரப்பான காகிதத்தில் முள் சிக்கும். ஊறும் காகிதத்தில் கோடு வேர்விட்டுப் படரும். பென்சிலும் அளவோடு இருத்தல் வேண்டும். மிகக் கடினமான பென்சில் காகிதத்தில் பள்ளம் தோண்டும். அப்பள்ளத்தில் மை தேங்கும். மிக மென்மையான பென்சிலை அழுத்தி வரைந்தால், அதன் வழவழத்த கரி மையைப் பற்றவொட்டாது தடுக்கும்.

மையிடத் தொடங்குமுன், படம் வரைந்த அதே காகிதத்தின் துண்டொன்றில் ஒவ்வொரு கருவியையும் சோதித்துப் பார்த்தல் நலம். வலக்கையால் வரைவோர் இடப்பக்கத்து மேல்மூலையிலிருந்து தொடங்கினால், ஈரமான கோட்டின்மேல் கை படாது. முதலில் நுண்ணியவற்றை முடித்துக் கரும்பகுதிகளை இறுதியில் நிரப்புதல் வேண்டும். மை முற்றும் உலர்ந்தபின்னரே பென்சிற்கோட்டை மெல்லிய ரப்பரால் அழித்தல் வேண்டும். அவசரப்பட்டவன் ஒரே இழுப்பில் படம் முழுவதையும் கருமையாக்கிவிடுவான். சிறு பிழை நேர்ந்தால் வெள்ளைப் பூச்சால் மறைக்கலாம். முடிந்தபின் படத்தைச் சற்றுத் தொலைவில் வைத்துப் பார்த்தாலும், ஒளிநகற் கருவியில் பாதியளவாகச் சுருக்கிப் பார்த்தாலும் அற்றுப்போகும் கோடு எது, அடைபடும் இடம் எது என்பது புலனாகும்.

பணி முடிந்ததும் கருவிகளைப் பேணுதல் ஓவியனின் கடமை. முள்ளை நீரில் கழுவித் துடைத்து உலர வைத்தல் வேண்டும். தூரிகையில் மை உலர இடந்தரலாகாது. முடியைப் பற்றியிருக்கும் தகட்டுக் குழலின் அருகே மை இறுகினால் முடிகள் விரிந்து, நுனி மீண்டும் கூடாது. உடனே கழுவி, விரலால் நுனியைக் கூராக்கி, முடி மேல்நோக்கி நிற்குமாறு வைத்தல் வேண்டும். நீர்க்கிண்ணத்தில் நுனி அழுந்த நிறுத்தி வைத்தால், ஒரே இரவில் நல்ல தூரிகையும் கோணிவிடும்.

இன்று துத்தநாக பிளாக்குகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பென்சிலின் சாம்பல் நிறத்தையும் உள்ளவாறு பதிக்கும் அச்சுமுறைகள் வந்துள்ளன. கணிப்பொறித் திரையில் மின்பேனாவால் வரைவோரும் பலர். அவர்கள் தவறிய கோட்டை நொடியில் நீக்கிவிடலாம். எனினும் அத்திரையிலும் முள்ளென்றும் தூரிகையென்றும் பெயரிட்ட கருவிகளே வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் எதனை எவ்விடத்தில் எடுப்பது என்னும் வினாவிற்குக் கணிப்பொறி விடை கூறுவதில்லை. வரைவோனே கூற வேண்டும்.

விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் நன்கு வரைய இயலும் என்று எண்ணி வாளாவிருத்தல் பேதைமை. ஒரு விறைப்பான முள், கூர்நுனித் தூரிகை ஒன்று, ஒரு புட்டி கருமை, வழவழப்பான காகிதம் ஆகிய இவையே தொடங்குவோர்க்குப் போதும். வரையப்போகும் கோடு எத்தகையது, அது எங்குச் சென்று எவ்வளவாகச் சுருங்கப் போகின்றது என்பதை முதலில் எண்ணி, அதன்பின் கருவியை எடுப்பவனுக்குக் கை நடுங்காது. சங்கரின் வேதாளம் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருப்பதற்கு, அதனைத் தாங்கும் கோட்டின் உறுதியும் ஒரு காரணம் அன்றோ!